இரண்டு பேர் என்று சொல்லிவிட்டேன்

பாயா ரும்புட்,
மலாக்கா.
ஜூன் 16, ஞாயிறு

என் அன்பு மருமகள் ஷாந்தினிக்கு,

அத்தை எழுதுவது. கூலிமில் நீயும் அப்பா அம்மாவும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். என்னைக் கேட்டால், காலையில் எழுந்திருக்கிறேன், குளிக்கிறேன், ஏதாவது சாப்பிடுகிறேன். அதற்குப் பெயர் நலம் என்றால் நான் நலம்தான்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ அத்தை என்கிறாய், நான் சாப்பிட்டியாம்மா என்கிறேன். அதோடு சரி. போனில் சார்ஜ் இல்லை என்று யாராவது ஒருவர் பொய் சொல்லி வைத்துவிடுகிறோம். கடிதம் என்றால் நடுவில் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து எழுதலாம். எழுத்துப் பிழை இருந்தால் நீயே சரியாகப் படித்துக்கொள்.

செங் பக்கம் எங்கள் கம்பெனி மூடியது உனக்குத் தெரியும். தொழிலாளர் காப்புறுதி சொக்சோவிலிருந்து சில மாதம் பணம் கொடுத்தார்கள், அதுவும் நின்றுவிட்டது. புக்கிட் ரம்பாயில் ஒரு கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனேன். முடி மாதிரி இருக்கிற ஒயரை கண்ணாடி இல்லாமல் பார்க்க வேண்டுமாம். என் கண்ணைச் சோதித்துவிட்டு, ஆன்ட்டி வீட்டில் ஓய்வு எடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஓய்வு எடுக்கிற மாதிரியா நம் வீடு இருக்கிறது?

மூலை வீட்டு செசிலியா டீச்சர்தான் வழி சொன்னார். வேலை போனவர்கள் சொந்தத் தொழில் தொடங்க அரசாங்கம் உதவி கொடுக்கிறதாம். கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம். கோர்ஸ் போக வேண்டும், நேர்முகத்துக்குப் போக வேண்டும், பிறகு வீட்டை வந்து பார்ப்பார்கள். எனக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராதே என்றேன். டீச்சர் அவர் யாழ்ப்பாணப் பேச்சில், "ஏன் பயப்படுறியள்? இடியாப்பம் பிழியத் தெரியும்தானே, அதைச் சொல்லுங்கோவன்" என்றார். விண்ணப்பப் பாரத்தை அவரே கம்ப்யூட்டரில் நிரப்பிக் கொடுத்தார். பாவம், நல்ல மனுஷி.

இடியாப்பம்தான் போட்டிருக்கிறேன். நாம் மூன்று பேரும் ஞாயிற்றுக்கிழமை பாசாரில் விற்றோமே, அதே இடியாப்பம், அதே தேங்காய்ப்பூ, அதே குலா மலாக்கா வெல்லம். அம்மா, கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதையே முழுசாகச் செய்யலாம் என்று தினேஸ் சொன்னபோது, வேலையை விட்டுவிட்டு ரோட்டில் நிற்கச் சொல்கிறாயா என்று நான் கேட்டேன். இப்போது வேலையும் இல்லை, சொன்னவனும் இல்லை. நான் மட்டும் ரோட்டில் நிற்கப் போகிறேன்.

கோர்ஸ் ஆயர் குரோவில் நடந்தது. கேக் செய்கிற மலாய்க்காரப் பெண்கள், ஏர்கோன் கழுவப் போகிற ஒரு அண்ணன், நாய்க்கு முடி வெட்டப் போகிற ஒரு சீனப் பெண், எல்லோரும் வேலை போனவர்கள். ஆளுக்கு ஒரு சின்னம் வரையச் சொன்னார்கள். நான் ஒரு தட்டு இடியாப்பம் வரைந்தேன். சீனப் பெண் எட்டிப் பார்த்து, "கக்கா, பாத்திரம் தேய்க்கிற கம்பியா விக்கப் போறீங்க?" என்று மலாயில் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான் நினைவு வந்து வாயை மூடிக்கொண்டேன். தினேஸ் போனதற்குப் பிறகு வெளி ஆட்கள் முன்னால் சிரித்தது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்து அவன் படத்திடம் சொன்னேன். இருந்திருந்தால் அந்தக் கேலியை அவன்தான் முதலில் செய்திருப்பான்.

இனி எழுதுவதுதான் முக்கியமான செய்தி.

நேர்முகத்தில் இருந்த அதிகாரி புவான் ரோஸ்னா. உன் வயதுதான் இருக்கும். மேசை மேல் பல் இல்லாத குழந்தையின் படம் வைத்திருந்தாள். கேட்டதற்கெல்லாம் நன்றாகத்தான் பதில் சொன்னேன். கடைசியில், "கக்கா பெக்கர்ஜா செண்டிரி, யா?" என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. "தாக் லா. பெர்டுவா" என்றேன். இல்லை, இரண்டு பேர் என்று.

செண்டிரி என்றால் எனக்குத் தனியாக என்றுதான் காதில் விழும். ஜாசின் எஸ்டேட்டில் காலைப் பெரட்டில் எல்லோரையும் நிற்கவைத்து மலாய் மண்டோர் ஆள் ஆளாகக் கேட்டு நிரை பிரித்துக் கொடுப்பார். செண்டிரி? பெர்டுவா? உன் மாமா செம்பனைக் குலை வெட்டுவார், நான் பின்னாலேயே உதிரிப்பழம் பொறுக்குவேன். வருடக்கணக்காக பெர்டுவா, பெர்டுவா என்று சொல்லிப் பழகிய வாய். அலுவலகத்தில் சொந்தத் தொழிலுக்கும் அதே சொல்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவள் கேட்டது சொந்தத் தொழிலா என்று. நான் சொன்னது, நாங்கள் இரண்டு பேர் என்று.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இடியாப்பம் தனியாள் வேலையா? நான் மேலே அச்சைத் திருகினால் கீழே நீ தட்டைச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் மாவு ஒரே இடத்தில் குவிந்து கட்டியாகிவிடும். தினேஸ் பட்டறையில் மிஞ்சிய குழாயைக் கொண்டுவந்து வெல்டிங் செய்த ஸ்டாண்டு அப்படி. அவன் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்துவிட்டான். நான் சோடாப் பெட்டி மேல் ஏறி நின்று திருகுவேன். அம்மா லோரி ஓட்டுகிறார்கள், ஓரம் போ என்று உன்னிடம் சொல்லிச் சிரிப்பான். அந்த ஸ்டாண்டை மனதில் வைத்துக்கொண்டுதான் இரண்டு பேர் என்றேன்.

இரண்டாவது ஆள் யார் என்று கேட்டாள். மருமகள் என்றேன். எங்கே என்றாள். அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். புருஷன் சம்மதிப்பாரா என்று கேட்டாள். அவள் புருஷன் தடுக்க மாட்டான் என்றேன். அது பொய் இல்லையே. அவன் உன்னை எதற்குத் தடுத்தான்?

அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். போன வாரம் போன் வந்தது. இரண்டு பேர் தொழில் என்றால் இரண்டாவது ஆளின் ஐசி அடையாள அட்டை நகலும் கையெழுத்தும் வேண்டுமாம். இல்லை, ஒரு ஆள்தான் என்றால் வந்து மாற்றிச் சொல்ல வேண்டுமாம். அப்போது வாங்குகிற சாமானும் மாறும், தனியாள் ஓட்டுகிற மாதிரி மெஷின் போட வேண்டும் என்றாள். மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒன்று சொல்ல வேண்டும். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரு சொல்லால் வந்த பிழை, போய் மாற்றிவிட்டு வாங்கோ என்கிறார். இதோ போகிறேன், இதோ போகிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன்னைக் கட்டாயப்படுத்த இதை எழுதவில்லை. உனக்கு இஷ்டம் என்றால் நகல் எடுத்து அனுப்பு. கையெழுத்துப் போட்டால் வந்து இருக்க வேண்டும் என்று எதுவும் இல்லை. வந்தால் உன் அறை அப்படியேதான் இருக்கிறது. மின்விசிறி சத்தம் போட்டதே, அதைச் சரி செய்துவிட்டேன். நீ வைத்த கறிவேப்பிலை என் தோளுக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்காமல் ஒடிக்கிறார்கள். நீ இருந்தால் நன்றாக நாலு வார்த்தை கேட்பாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். தலைக்கு எண்ணெய் வை. உனக்குத் தாயே துணை.

அன்புடன்,
உன் அத்தை திலகா


பாயா ரும்புட்,
மலாக்கா.
ஜூலை 7, ஞாயிறு

கண்ணு ஷாந்தினிக்கு,

உன் உறை வந்து சேர்ந்தது. ஐசி நகல் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. கடிதம் இருக்கும் என்று உறையைக் கிழித்து உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். இல்லை. பிறகுதான் நகலின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக எழுதியிருந்ததைப் பார்த்தேன். அத்தை, நேரத்துக்குச் சாப்பிடுங்க. அன்றைக்கு நேரத்துக்குச் சாப்பிட்டேன்.

உறையை விளக்கு மாடத்தில் வைத்தேன். அலுவலகத்துக்கு உடனே போகவில்லை. மழை என்றேன், பஸ் இல்லை என்றேன். உண்மையைச் சொன்னால், அது வீட்டில் இருந்தது எனக்கு நன்றாக இருந்தது. விளக்கேற்றும்போது உன் படத்தை ஒருதரம் பார்ப்பேன். நகலில் முகம் கறுப்பாகத்தான் தெரிகிறது, இருந்தாலும் நீதான்.

அப்போதுதான் உன் அப்பா போன் செய்தார். அவர் எனக்குப் போன் செய்வது தீபாவளிக்கும் சாவுக்கும்தான். அதனால் பயந்துகொண்டே எடுத்தேன். "சம்பந்தியம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க, ஏதோ பேப்பர்ல கையெழுத்து வாங்குனீங்களாமே?" என்றார். இடியாப்பத் தொழிலுக்கு என்று சொன்னேன். பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

தைப்பிங்கிலிருந்து வந்து உன்னைப் பெண் கேட்டார்களாம். லோரி பட்டறையில் வேலை, நல்ல பையன், பெயர் கிஷன். முதல் கல்யாணம் சரிப்படாமல் பிரிந்தவன். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறார்கள், தினேஸின் முதல் திதி முடியும்வரை காத்திருக்கிறோம் என்றும் சொல்கிறார்கள். நீ மட்டும், அத்தைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன், மலாக்காவுக்குப் போக வேண்டும் என்று சொன்னாயாம். உன் அப்பா என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "அவ உங்க வீட்டுப் பொண்ணுதாம்மா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பா" என்றார். எந்த வார்த்தை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஷாந்தினி, அந்தப் பேப்பர் மாவு பிசைவதற்கு. அதற்குப் பின்னால் நீ ஒளிந்துகொள்வதற்கு இல்லை.

இப்படி எழுதிவிட்டேன். ஆனால் போனை வைத்தவுடன் எனக்கு வந்த நினைப்பு இது இல்லை. நாளைக்கே பஸ் பிடித்துப் போய் அந்தப் பேப்பரைக் கொடுத்துவிட வேண்டும், சீல் குத்திவிட்டால் பிறகு யாரும் மாற்ற முடியாது என்றுதான் நினைத்தேன். புடவைகூட எடுத்து வைத்தேன். அது எனக்காக எடுத்து வைத்த புடவை. நீ அங்கே தூங்காமல் படுத்திருப்பது எனக்குத் தெரியும். இருந்தும் எடுத்து வைத்தேன்.

மறுநாள் நான் கிளம்புவதற்கு முன்னால் வாசலில் கார் வந்து நின்றது. புவான் ரோஸ்னா. வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தவள், அப்படியே வீட்டைப் பார்க்க வந்துவிட்டாள். நல்லவேளை, பிசைந்த மாவு இருந்தது. உட்காரச் சொல்லிவிட்டு அடுப்பை மூட்டினேன். அவள் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தாள். யார் செய்தது என்று கேட்டாள். என் மகன் என்றேன். கெட்டிக்காரர், இப்போது எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டுக்கொண்டே திரும்பினாள். சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. கீழே விளக்கு.

நம் ஆட்கள் வீட்டில் மாலை போட்ட படத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஏதோ நினைவுக்கு வந்த மாதிரி பையைத் திறந்து, பழைய பாரத்தை எடுத்துப் பார்த்தாள். கணவர் தடுக்க மாட்டார் என்று நான் சொன்னதை எழுதியிருக்கிறாள் போல. பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். டெங்கி என்றேன். அவள் இன்னாலில்லாஹி என்று மெல்லச் சொன்னாள்.

சோடாப் பெட்டி மேல் ஏறி நின்று நான் திருகினேன். கீழே தட்டைச் சுற்ற ஆள் இல்லை. இறங்கிச் சுற்றுவேன், ஏறித் திருகுவேன், மறுபடி இறங்கிச் சுற்றுவேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு வந்து தட்டைப் பிடித்தாள். அதிகாரி அம்மா, வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. அவளுக்குச் சுற்றத் தெரியவில்லை, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். வேகவைத்துக் கொடுத்தேன். குலா மலாக்கா இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

கை கழுவிக்கொண்டு வந்து பேனாவை எடுத்தாள். இரண்டாவது ஆளின் பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்டாள். உன் உறை விளக்கு மாடத்தில், அவள் தலைக்குப் பின்னால், நான் கையை நீட்டினால் எடுக்கிற தூரத்தில் இருந்தது.

"சாயா பெக்கர்ஜா செண்டிரி, புவான்" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். சொந்தத் தொழில் என்று எழுதினாளா, தனியாக என்று எழுதினாளா, தெரியாது. மலாயில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். நான் எதைச் சொன்னேன் என்று அவள் கேட்கவில்லை. போகும்போது என் கையை இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருந்தது.

உன் ஐசி நகலை இந்தக் கடிதத்தோடு திருப்பி அனுப்புகிறேன். ஓரத்தில் நீ எழுதியிருந்த இடத்தை மட்டும் கத்தரித்து வைத்துக்கொண்டேன். அதற்குக் கோபித்துக்கொள்ளாதே.

அந்தப் பையனை நீ பார்த்துப் பேசு. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல். பிடித்தால் பிடித்தது என்று சொல். அத்தை என்ன நினைப்பார்கள் என்று மட்டும் சொல்லாதே. தினேஸ் என்ன நினைப்பான் என்றும் சொல்லாதே. அவனைப் பெற்றவள் சொல்கிறேன், அவன் தடுக்க மாட்டான். அதிகாரியிடமே சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மாவையும் அப்பாவையும் கேட்டதாகச் சொல்.

உன் நன்மையை நினைத்திருக்கும்,
அத்தை திலகா


பாயா ரும்புட்,
மலாக்கா.
செப்டம்பர் 1

அன்புள்ள ஷாந்தினிக்கு,

நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். உன் அப்பா போனில் சொன்னார். அந்தப் பையனிடம் பேசினாயாம், அவன் அதிகம் பேசாதவனாம், நீ சரி என்றாயாம். போனிலேயே சந்தோஷம் என்று சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன், சந்தோஷம்தான். கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். டக்கென்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அரசாங்க உதவி கிடைத்துவிட்டது. பணமாகக் கையில் கொடுக்கவில்லை, சாமானாகக் கொடுத்தார்கள். ஒரு ஸ்டீமர், ஒரு மேசை, ஒரு குடை, ஒரு மெஷின். மெஷினைப் பார்த்தால் நீ சிரிப்பாய். மாவைப் போட்டு பட்டனை அமுக்கினால் அதுவே பிழிகிறது, கீழே தட்டையும் அதுவே சுற்றிக்கொள்கிறது. எல்லாத் தட்டும் ஒரே மாதிரி, ஒன்றுகூடக் கோணல் இல்லை. சத்தம்தான் அதிகம். நாம் பிழியும்போது பேசிக்கொண்டிருப்போமே, இதன் பக்கத்தில் நின்று பேச முடியாது. பேசவும் யாரும் இல்லை, பரவாயில்லை.

காலையில் கிளினிக் பக்கத்துக் கடை வரிசையில் குடை போட்டு நிற்கிறேன். மலாய்க்காரர்கள்தான் நிறைய வாங்குகிறார்கள். போர்டில் இடியாப்பத்துக்கு அவர்கள் சொல்கிற மாதிரி புட்டு மாயாம் என்று பெரிதாக எழுதியிருக்கிறது. சின்னம் நான் வரைந்ததுதான். அந்தச் சீனப் பெண் ஒரு நாள் நாயோடு வந்து, கம்பி ஒரு பொட்டலம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். செசிலியா டீச்சர் தினமும் வருகிறார். சீனி வியாதி இருக்கிறவர், குலா மலாக்கா வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நான் திரும்பினால் அவரே போட்டுக்கொள்கிறார்.

பழைய இரும்பு வாங்குகிறவன் வந்தான். பின்னால் கிடக்கிற ஸ்டாண்டு வேண்டாம்தானே என்று கேட்டான். வேண்டும் என்றேன். கழுவித் துடைத்து, துரு ஏறாமல் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். கால்களைக் கொஞ்சம் வெட்டினால் எனக்குச் சரியான உயரம் ஆகும் என்று டீச்சர் சொன்னார். வெட்டவில்லை. அவன் உயரத்திலேயே இருக்கட்டும்.

தினேஸின் திதி வருகிறது. நீ வர வேண்டும் என்று நான் எழுத மாட்டேன். புது இடத்துக்குப் போகப் போகிற பெண், பெரியவர்கள் என்ன சொல்கிறார்களோ அதைச் செய். திதி முடிந்து, கல்யாணம் முடிந்து, இரண்டு பேரும் வெளியே கிளம்பினால் மலாக்காவையும் பார்த்துவிட்டுப் போங்கள். கடல், கோட்டை எல்லாம் இருக்கிறது. அந்தப் பையன் பார்த்திருக்க மாட்டான்.

வருவதற்கு முன்னால் சொல்ல வேண்டும் என்று இல்லை. மெஷின் வந்த பிறகும் அரிசிமாவை அளக்கிறபோது கை பழைய கணக்கில்தான் போடுகிறது. தினமும் மிச்சமாகிறது. கொஞ்சம் குறைத்துப் போடலாம் என்று பார்க்கிறேன், கை கேட்கவில்லை. அதனால் நீ என்றைக்கு வந்தாலும் மாவு இருக்கும்.

தீர்க்க சுமங்கலியாக இரு, தாயே.

உன் அத்தை